இம்ப்ளாண்டின் ஆயுளை மேற்பரப்பு தீர்மானிப்பதில்லை

பல் இம்ப்ளாண்ட் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு படத்தை நீட்டிவிடுகிறார்கள். மின்னணு நுண்ணோக்கியில் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கப்பட்ட டைட்டானியத்தின் படம் அது. குழியும் மேடுமான அந்தப் பரப்பின் நடுவில் நாலாபுறமும் காலை நீட்டிப் பிடித்திருக்கும் ஓர் எலும்புச் செல். எங்கள் மேற்பரப்பில் எலும்பு வேகமாக வளரும் என்பது படத்தோடு வரும் செய்தி. விற்பனைப் பிரதிநிதி அதை மருத்துவரிடம் சொல்கிறார், மருத்துவர் நோயாளியிடம் சொல்கிறார், நோயாளி தன் வீட்டில் சொல்கிறார். பல் மருத்துவ முதுநிலை ஆய்வேடுகளிலும் பெரும்பாலும் இதே நம்பிக்கைதான். மேற்பரப்பு எவ்வளவு சொரசொரப்போ அவ்வளவு எலும்பு, எவ்வளவு எலும்போ அவ்வளவு ஆயுள், ஆகவே புதிய மேற்பரப்பு கொண்ட விலை கூடிய இம்ப்ளாண்டே நல்லது என்பது இன்றைய பொதுக்கருத்து.

இந்த வாதத்தின் முதல் பாதி அரைகுறை உண்மை. இரண்டாம் பாதி உண்மையே இல்லை. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினால் எலும்பு ஒட்டும் முதல் சில வாரங்கள் மாறுகின்றன. அதை மறுக்க யாராலும் முடியாது, நானும் மறுக்கவில்லை. பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் பல் வாயில் இருக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்பவை வேறு காரணங்கள். அந்தக் காரணங்களுக்கு யாரும் படம் போட்டுக் காட்டுவதில்லை.

தவறு ஆய்வுக்கூடத்திலேயே தொடங்குகிறது. வழக்கமான சோதனை இப்படி நடக்கும். சிறு டைட்டானியம் வில்லைகளை எடுத்துக்கொள்வார்கள். சிலவற்றின் மேல் அலுமினாத் துகளை வேகமாக வீசிக் கொத்துவார்கள். சிலவற்றை அமிலத்தில் அரிக்கவிடுவார்கள். சிலவற்றைக் கடைசல் பிடித்தபடியே விட்டுவிடுவார்கள். எல்லாவற்றின் மேலும் செல்களை விட்டு, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் எண்ணுவார்கள். எதில் செல் அதிகமோ அதுவே சிறந்த மேற்பரப்பு என்று முடிவுரை எழுதப்படும். இந்தச் சோதனைகளில் அடிக்கடி பயன்படுவது எம்ஜி-63 என்ற செல் வகை. பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் எலும்புப் புற்றுக் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்தது அது. ஓயாமல் பெருகுவதே புற்றுச் செல்லின் குணம். அதை வைத்துக்கொண்டு நல்ல எலும்பு எங்கே பெருகும் என்று கேட்பதே யோசிக்க வேண்டிய காரியம்.

ஆனால் இந்த எண்ணிக்கை முறையைப் பொய்யாக்கியதும் அதே எம்ஜி-63 தான். 1990களின் நடுவில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவில் பார்பரா போயான், ஸ்வி ஷ்வார்ட்ஸ் குழுவினர் வெவ்வேறு அளவு சொரசொரப்புள்ள டைட்டானியத்தில் இந்தச் செல்களை வளர்த்தார்கள். சொரசொரப்பு கூடக் கூடச் செல்களின் எண்ணிக்கை குறைந்தது. கூடியது அல்ல, குறைந்தது. அதே சமயம் ஆஸ்டியோகால்சின் என்ற புரதம் கூடியது. எலும்பாக்கும் செல் முதிர்ந்து தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். எலும்பைக் கரைக்கும் செல்கள் உருவாவதைத் தடுக்கும் ஆஸ்டியோப்ரோடெஜெரின் கூடுவதையும் பின்னால் கண்டார்கள். செல்லின் வாழ்க்கையில் பெருகும் கட்டம் ஒன்று, முதிர்ந்து எலும்பு படிய வைக்கும் கட்டம் ஒன்று. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். சொரசொரப்பு செய்வது, பெருகிக்கொண்டிருக்கும் செல்லை நிறுத்தி முதிர வைப்பதுதான்.

இதன் பொருளை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத் தட்டில் செல்லை எண்ணி மேற்பரப்புக்கு மதிப்பெண் போடுபவர், சொரசொரப்பின் உண்மையான பலனுக்கு நேர் எதிரானதற்குப் பரிசு கொடுக்கிறார். எண்ணிக்கை குறைந்தால் செல்கள் முதிர்ந்ததால் குறைந்திருக்கலாம். ஏதோ ரசாயன மிச்சம் நச்சாகிச் செத்ததாலும் குறைந்திருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். செல் பெருகுகிறது என்ற ஒற்றை வரியை வைத்து ஒரு மேற்பரப்பைப் பரிந்துரைக்கும் ஆய்வேடுகளை வழிகாட்டிகள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே என் கருத்து.

தட்டில் இல்லாத இன்னொன்று ரத்தம். தாடையில் துளையிட்டு இம்ப்ளாண்டைத் திருகும்போது டைட்டானியத்தை முதலில் தொடுவது எலும்புச் செல் இல்லை. முதலில் நீரும் உப்பும், அடுத்த நொடிகளில் ரத்தப் புரதங்கள், பிறகு தட்டணுக்கள். மரைகளுக்கு இடையே ரத்தம் உறைந்து ஃபைப்ரின் இழைகள் பின்னிக்கொள்கின்றன. சில நாட்கள் கழித்து எலும்பாகப் போகும் செல்கள் அந்த இழைகளைப் பற்றிக்கொண்டு உலோகத்தை நோக்கி நகரும். நகரும்போது இழையை இழுக்கவும் செய்யும். வழவழப்பான உலோகத்தில் இழை பிடிவிட்டுப் போய்விடும். செல்கள் உலோகத்தை எட்டாமல் பழைய எலும்பின் ஓரத்திலேயே நின்று, அங்கிருந்து மெதுவாக எலும்பைக் கட்டிக்கொண்டு வரும். நுண்குழிகள் உள்ள உலோகத்தில் இழை பிடித்து நிற்கும். செல் உலோகத்தையே தொட்டு, அதன் மேலேயே புதிய எலும்பைப் படிய வைக்கும். டொரொன்டோவின் ஜான் டேவிஸ் 1990களில் விளக்கிக் காட்டிய இரு வழிகள் இவை. மேற்பரப்புச் சிகிச்சையின் மெய்யான சாதனை இதுதான். அதைச் சாதிப்பதில் ரத்த உறைவுக்குப் பெரும் பங்கு. ரத்தமே இல்லாத தட்டில் அதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

சரி, விலங்கிலும் மனிதரிலும் என்ன நடந்தது?

1991இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பூஸர் குழுவினர் குட்டைப் பன்றிகளின் கால் எலும்பில் ஆறு வகை மேற்பரப்புகளை வைத்து ஒப்பிட்டார்கள். மெருகேற்றிய உலோகத்தின் பரப்பில் 20 முதல் 25 சதவீதத்தில்தான் எலும்பு நேரடியாக ஒட்டியது. பெரிய துகளால் கொத்தி, ஹைட்ரோகுளோரிக், சல்ஃபூரிக் அமிலங்களில் அரித்ததில் 50 முதல் 60 சதவீதம். இன்று உலகெங்கும் அறியப்பட்ட எஸ்எல்ஏ மேற்பரப்பின் பிறப்பு அங்கேதான். ஆனால் அந்த ஆய்வில் முதலிடம் எஸ்எல்ஏவுக்கு இல்லை. ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற தாதுவைப் பூசிய இம்ப்ளாண்டில் 60 முதல் 70 சதவீதம் எலும்பு ஒட்டியிருந்தது. அந்தப் பூச்சு கரையத் தொடங்கியிருந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்தது. ஒட்டும் சதவீதத்தில் முதலில் வந்த பூச்சு, பின்னாளில் உரிதல், கரைதல் என்ற புகார்களோடு பின்வாங்க நேர்ந்தது. முதல் வாரங்களின் சதவீதம் ஆயுளுக்கு உத்தரவாதம் என்றால் இப்படி நடந்திருக்கக் கூடாது.

மனிதரில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவு. 2011இல் நிக்லாஸ் லாங் குழுவினர் 28 தன்னார்வலர்களின் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் சிறு இம்ப்ளாண்ட்களைப் பொருத்தி, ஒரு வாரம் முதல் ஆறு வாரம் வரையான இடைவெளிகளில் சுற்றியுள்ள எலும்போடு சேர்த்து வெட்டியெடுத்துப் பார்த்தார்கள். பாதி சாதாரண எஸ்எல்ஏ. மீதி, உப்பு நீரிலேயே அடைத்து வைத்து நீரை ஈர்க்கும் தன்மை குறையாமல் பாதுகாத்த புதிய வகை. இரண்டாம் வாரத்தில் எலும்பு ஒட்டிய பரப்பு சாதாரணத்தில் 12.2 சதவீதம், புதியதில் 14.8. நான்காம் வாரத்தில் 32.4க்கு எதிராக 48.3. வேறுபாடு பெரிது. விளம்பரத்தில் வருவது இந்த நான்காம் வாரம். ஆறாம் வாரத்தில் இரண்டிலும் 62 சதவீதம்.

இரண்டு வாரம் முந்துவதும் பயன்தான். பல் இல்லாமல் காத்திருக்கும் நாள் குறைகிறது. டைட்டானியம் இம்ப்ளாண்டைத் தொடங்கிவைத்த பிரோனெமார்க்கின் காலத்தில் கீழ்த்தாடையில் மூன்று, நான்கு மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் இம்ப்ளாண்டை ஈறுக்கடியில் புதைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று ஆறு வாரத்தில் பல் மாட்ட முடிகிறது என்றால் அதற்கு மேற்பரப்புக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் விதை இரண்டு நாள் முந்தி முளைத்ததை வைத்து மகசூலைச் சொல்லும் விவசாயி யாரும் இல்லை. காத்திருக்கும் நாள் குறைவதை ஆயுள் நீள்வதாக விற்கிறார்கள். நான் எதிர்ப்பது அதைத்தான்.

ஆயுளைப் பற்றிய சான்று நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. அதில் பெரும்பகுதி, இன்று பழசு என்று ஒதுக்கப்படும் கடைசல் மேற்பரப்பிலிருந்து வந்தது. சுவீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1965இல் யோஸ்தா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாக டைட்டானியம் இம்ப்ளாண்ட்களைப் பொருத்தினார். மணல் வீசாத, அமிலத்தில் அரிக்காத, வெறும் கடைசல் இயந்திரத்தில் செய்த திருகுகள். லார்சன் 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுக்கு மேல், அவற்றோடு வாழ்ந்தார். ஒருவர் கதை மட்டும் போதாது என்பவர்களுக்கு 2003இல் வெளியான இன்னொரு சுவீடிஷ் ஆய்வு இருக்கிறது. பற்களே இல்லாத கீழ்த்தாடையில் வைத்த அதே வகை இம்ப்ளாண்ட்களை இருபது ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள், 98.9 சதவீதம் தாக்குப்பிடித்தன. அதே நோயாளிகளைப் பதினைந்தாம் ஆண்டில் ஆராய்ந்தபோது, யாருக்கு எலும்பு கூடுதலாகத் தேய்ந்தது என்றும் பார்த்திருந்தார்கள். புகைபிடிப்பவர்களுக்கு. வாயைச் சுத்தமாக வைக்காதவர்களுக்கு. மேற்பரப்பு எல்லோருக்கும் ஒன்றே.

2014இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 38 வகை இம்ப்ளாண்ட்களை ஒப்பிட்ட 27 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. நீண்டகால வெற்றியில் எந்த வகையும் மற்றதைவிட மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கிடைத்த சிறு போக்கும் எதிர்த்திசையில் இருந்தது: நாள்பட்ட தொற்றால் எலும்பு இழப்பது கடைசல் மேற்பரப்பில் சற்றுக் குறைவு. சான்று மட்டுப்பட்டது என்பதை அத்தொகுப்பே சொல்கிறது. அப்படியே எடுத்துக்கொள்வோம். மட்டுப்பட்ட சான்றுகூட விளம்பரத்தின் பக்கம் இல்லை.

எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தையும் பார்த்துவிடுவோம். மழுப்பி விடுவது நியாயமில்லை. கடைசல் திருகுகளின் வெற்றிக் கதை உறுதியான கீழ்த்தாடை முன்பகுதியின் கதை என்பார்கள். உண்மை. 1991இல் ஜாஃபின், பெர்மன் இருவரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைசல் இம்ப்ளாண்ட்களை ஆராய்ந்தார்கள். அடர்த்தி மிகக் குறைந்த நான்காம் வகை எலும்பில் வைத்தவற்றில் 35 சதவீதம் தோற்றிருந்தன. மற்ற மூன்று வகை எலும்புகளில் தோல்வி 3 சதவீதம்தான். மேல்தாடையின் பின்பகுதியில் பல்லிழந்தவருக்கு இது சிறிய விஷயம் இல்லை. அங்கே நடுத்தரச் சொரசொரப்பு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. பெர்ன் பல்கலைக்கழகத்தில் 511 எஸ்எல்ஏ இம்ப்ளாண்ட்களைப் பத்தாண்டு கழித்துப் பார்த்து 98.8 சதவீதம் நிலைத்திருந்ததாக 2012இல் வெளியிட்டார்கள்.

ஆகவே பழைய கடைசல் திருகுக்கே திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. சுவீடனின் ஆன் வென்னர்பெர்க், தோமஸ் ஆல்பிரெக்ட்சன் இருவரும் வகுத்த அளவுகோலில், மேடுபள்ளத்தின் சராசரி ஒரு மைக்ரானுக்கும் இரண்டு மைக்ரானுக்கும் இடையில் இருப்பது நடுத்தரச் சொரசொரப்பு. இன்று சந்தையில் முன்னணியில் உள்ள இம்ப்ளாண்ட்கள் அநேகமாக எல்லாமே அந்த வரம்புக்குள் இருப்பவை. கடைசலிலிருந்து நடுத்தரச் சொரசொரப்புக்கு வந்தது ஒரு முன்னேற்றம்; அது 1990களிலேயே நடந்து முடிந்துவிட்டது. இப்போது விற்கப்படுவது, அந்த வரம்புக்குள் இருக்கும் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு. ஃப்ளோரைடு, நானோ குழாய், புற ஊதா, பிளாஸ்மா என்று பெயர்கள் அடுக்கப்படுகின்றன. இவற்றின் பின்னால் நல்ல அறிவியலும் உண்டு. டைட்டானியம் அலமாரியில் இருக்க இருக்கக் காற்றிலுள்ள ஹைட்ரோகார்பன்களைப் பூசிக்கொண்டு நீரை ஈர்க்கும் தன்மையை இழக்கிறது, புற ஊதா ஒளி பட்டால் அதை மீட்கிறது என்று கலிபோர்னியாவின் தகாஹிரோ ஒகாவா குழு காட்டியது அழகான கண்டுபிடிப்பு. ஆனால் எலியின் எலும்பில் இரண்டாம் வாரத்தில் கண்ட வலிமையை நோயாளியின் இருபதாம் ஆண்டுக்கு நீட்டிப் பேசும் உரிமை அதனால் யாருக்கும் வந்துவிடாது.

இனி, படத்தில் காட்டாத பக்கத்துக்கு வருகிறேன். சொரசொரப்பு எலும்புக்குள் இருக்கும்வரை நல்லது. எலும்பு கொஞ்சம் கீழிறங்கி முதல் மரை வெளியே தெரிந்துவிட்டால், செல்லைப் பிடித்து வைத்த அதே குழிகள் கிருமியைப் பிடித்து வைக்கின்றன. இயற்கைப் பல்லுக்கு வேர்ச் சிமென்டிலிருந்து ஈறுக்குள் நார்கள் பாய்ந்து, கிருமி இறங்காமல் தடுக்கும். இம்ப்ளாண்டைச் சுற்றி அப்படிக் குறுக்கே பாயும் நார் இல்லை. ஈறு அதை அணைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கிருமிப் படலம் கீழே இறங்குகிறது, மரை இடுக்குகளில் தங்குகிறது, காலப்போக்கில் காரையாக இறுகுகிறது. பிளாஸ்டிக் சுரண்டியைப் போட்டால் மரையின் முகட்டை மட்டும் தடவிவிட்டு வரும். எஃகுச் சுரண்டி போட்டால் டைட்டானியம் கீறுபடும். இரண்டு மைக்ரான் பள்ளத்துக்குள் எந்தச் சுரண்டியும் இறங்காது. வலி இல்லாததால் நோயாளிக்கும் தெரியாது. பல் துலக்கும்போது ரத்தம், லேசான துர்நாற்றம், அழுத்தினால் சீழ். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்போது இம்ப்ளாண்டைச் சுற்றிக் கிண்ணம் வெட்டியதுபோல எலும்பு போயிருக்கும். பெரி-இம்ப்ளாண்டைட்டிஸ் என்ற நோய் இது.

2007இல் வெளியான ஒரு நாய் ஆய்வில் மெருகேற்றியதையும் எஸ்எல்ஏவையும் பக்கத்தில் வைத்து, நூல் கட்டி நோயை உண்டாக்கினார்கள். பிறகு நூலை எடுத்துவிட்டுத் தானாக என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். எஸ்எல்ஏவைச் சுற்றித்தான் நோய் கூடுதலாக முன்னேறியது. மனிதரில், சுவீடன் முழுவதிலுமிருந்து எடுத்த ஏறக்குறைய 600 நோயாளிகளை ஒன்பது ஆண்டு கழித்துப் பரிசோதித்து யான் டெர்க்ஸ் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. 14.5 சதவீதம் பேருக்கு நடுத்தர அல்லது கடும் பெரி-இம்ப்ளாண்டைட்டிஸ். பெர்னின் எண் நிலைத்த இம்ப்ளாண்ட்களையும் சுவீடனின் எண் நோயுற்றவர்களையும் கணக்கிடுபவை; அதற்கு மேலும் ஒரு வேறுபாடு உண்டு. ஒன்று, பல்கலைக்கழக நிபுணர்களின் கையில் நடந்த சிகிச்சை. மற்றது, ஒரு நாட்டின் சாதாரண மருத்துவமனைகளில் நடந்த சிகிச்சை. சுவீடன் ஆய்வில் ஈறு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு. இம்ப்ளாண்டின் மேல் பல்லைப் பொருத்தியவர் நிபுணர் அல்லாத பொது மருத்துவரானாலும் ஏறத்தாழ நான்கு மடங்கு. பிராண்டுக்குப் பிராண்டு வேறுபாடும் அந்த ஆய்வில் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பிராண்டுக்கும் இன்னொன்றுக்கும் கழுத்தின் வடிவம், மரை, மேல்பகுதி இணையும் விதம் எல்லாமே வேறு. மேற்பரப்பை மட்டும் தனியே பிரித்துப் புகழவோ பழிக்கவோ அதில் இடமில்லை.

டிரில் செய்யும் கையையும் சொல்லியாக வேண்டும். எரிக்ஸன், ஆல்பிரெக்ட்சன் 1983இல் முயல் எலும்பில் காட்டியது இது: 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தால் எலும்பு சேதமடையும். உடல் வெப்பத்துக்கும் அதற்கும் பத்து டிகிரிதான் இடைவெளி. மழுங்கிய டிரில், போதாத உப்பு நீர், அவசரப்பட்டு அழுத்தும் கை என்று மூன்றில் ஒன்று போதும், அந்த இடைவெளி காணாமல் போக. செத்த எலும்பின் நடுவில் உலகின் விலை உயர்ந்த மேற்பரப்பை வைத்தாலும் அதில் ஒட்ட உயிருள்ள செல் வேண்டுமே. டிரில்லை எத்தனை முறை பயன்படுத்திய பிறகு தூக்கிப் போடுகிறார்கள் என்று கேட்கும் நோயாளி உண்டா? மேற்பரப்பின் பெயரைக் கேட்கத் தெரிந்துகொண்டார்கள், இதைக் கேட்க யாரும் சொல்லித்தரவில்லை.

நம் ஊரில் இது இன்னும் கூர்மையாக உறைக்க வேண்டிய செய்தி. சர்க்கரை நோய், பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை, வருடக்கணக்கில் கவனிக்காத ஈறு நோய் எல்லாம் பல்லிழந்து வருபவர்களிடம் சேர்ந்தே வருகின்றன. பல்லைப் பிடுங்க வைத்த ஈறு நோய் மற்ற பற்களைச் சுற்றி அப்படியே இருக்க, காலியான இடத்தில் மட்டும் இம்ப்ளாண்ட் வைத்து அனுப்புவது நடக்கிறது. எஸ்டிமேட் தாளில் பிராண்டும் மேற்பரப்பும் விலையும் இருக்கும். மூன்று மாதச் சர்க்கரை அளவு கேட்கப்பட்டிருக்காது, அடுத்த ஐந்தாண்டுக்கு யார் சுத்தம் செய்வார்கள், எவ்வளவு செலவாகும் என்று எழுதியிருக்காது. கடன் வாங்கிப் பல் கட்டுபவர்கள் நிறைய பேர். அவர்களிடம் ஒரு மைக்ரான்கூட இல்லாத வேறுபாட்டுக்குக் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு, வருடம் இரண்டு முறை சுத்தம் செய்ய வரச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

இம்ப்ளாண்ட் வைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேற்பரப்பின் பெயரை மருத்துவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள். மீதியுள்ள பற்களின் ஈறு நோய்க்கு முதலில் சிகிச்சை தரச் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை தள்ளிப் போடலாமா என்று கேளுங்கள். புகையிலையை விடுங்கள். இம்ப்ளாண்டின் மேல் வரும் பல்லின் வடிவம் இடுக்குத் தூரிகை நுழைகிற மாதிரி இருக்குமா என்று கேளுங்கள். இம்ப்ளாண்ட் டப்பாவோடு வரும் லாட் எண் ஒட்டிய ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பல் மாட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரேயின் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு கழித்து எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.